பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர்களைச் சரிசெய்வதும் நல்ல கையில் சேர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1980களின் இறுதி வரை செய்யப்பட்ட ஹை-ஃபை ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்கள், புதிதாக ஒரு ஜோடி கைக்கு வந்தவர்கள், இனி வைத்துக்கொள்ள இடமில்லாமல் வேறொருவரிடம் சேர்க்க நினைப்பவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்பீக்கர் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான் அதை வடிவமைத்தவர் வூஃபர் (அடி ஸ்வரங்களுக்கானது), ட்வீட்டர் (உச்ச ஸ்வரங்களுக்கானது), பெட்டி, கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் சுற்று) எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தியிருக்கிறார். அந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவருவதுதான் நம் வேலை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில் எழுதியவை.

எந்த ஸ்பீக்கர் சரிசெய்யத் தகுந்தது?

பெயர் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, உள்ளே இருக்கும் டிரைவர்கள் (வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலி எழுப்பும் பாகங்கள்) அதன் சொந்த டிரைவர்களா? ஒரு ஜோடியில் நான்கு டிரைவர் இருந்தால் நான்கும் தொழிற்சாலையில் பொருத்தியவையாக இருப்பது பெரிய செல்வம். இரண்டாவது, பெட்டியின் அடிப்பாகம். ஈரத் தரையில் வருடக்கணக்கில் நின்ற சிப்போர்டு (மரச் சீவல்களை அழுத்திச் செய்த பலகை) பெட்டி கீழே ஊதிப் பிளந்திருக்கும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். மூன்றாவது, வாய்ஸ் காயில் (டிரைவருக்குள் காந்த இடைவெளியில் அசையும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறதா என்பது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், கிழிந்த ஃபோம், கரகரக்கும் கன்ட்ரோல், மங்கிய மரம் போன்ற மற்றவற்றைப் பொறுமை இருப்பவர் எவரும் சரிசெய்துவிடலாம்.

கைக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்துப் பார்த்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் முன்னால் மூடியிருக்கும் கிரில்லைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வூஃபரின் நடுவில் கூம்பு வடிவில் அசையும் கோனின் இரு பக்கமும் விரல்களை விரித்து வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். மணலைத் தேய்ப்பதுபோல் உரசல் கேட்டால் காயில் இடைவெளியின் நடுவில் இல்லை. அந்த நிலையில் பாட்டு போட்டால் காயிலின் பூச்சு உரிந்து, சரிசெய்யக்கூடிய வூஃபர் சரிசெய்ய முடியாததாகிவிடும்.

அடுத்து மல்டிமீட்டர். 8 ஓம் என்று எழுதியிருக்கும் டிரைவர் மீட்டரில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் டிரைவர் 3லிருந்து 3.6 வரை. மீட்டர் அளப்பது நேர்மின் தடை மட்டும் என்பதால் எண் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெட்டிக்குப் பின்னால் உள்ள டெர்மினலில் வைத்து அளந்தால் பெரும்பாலும் வூஃபர் மட்டுமே தெரியும். ட்வீட்டருக்கு முன்னால் கெபாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துக்கொண்டு நிற்பதால், அதன் ஒயரைக் கழற்றித் தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும்.

வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் தூள்தூளாக உதிர்கிறது. இனி அது அவ்வளவுதானா?

இல்லை. பழைய ஸ்பீக்கர்களில் இதுதான் அதிகம் வரும் கோளாறு, ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டிய ஒன்றும்கூட. 1970, 80களில் பல நிறுவனங்கள் பயன்படுத்திய பாலியூரித்தேன் ஃபோமைக் காற்றில் உள்ள ஈரமே மெல்ல உடைத்துவிடுகிறது. வெயில் பட்டால் இன்னும் வேகம். பதினைந்து இருபது வருடத்தில் அது பிசுபிசுப்பாகும், அப்புறம் தொட்டாலே உதிரும். ஸ்பீக்கரை வாங்கிப் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். "பயன்படுத்தவே இல்லை, புதிது மாதிரி" என்று யாராவது விற்றால் அந்தச் சொல்லை நம்புவதற்கு முன் ஃபோமை மெல்ல விரலால் தொட்டுப் பாருங்கள்.

கோன், காயில், காந்தம் எல்லாம் நன்றாக இருக்கும்போது ஃபோம் வளையத்துக்காக வூஃபரைத் தூக்கி எறிவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

வளையத்தை நானே மாற்ற முடியுமா?

முடியும். ஒரு முழு நாளை அமைதியாக ஒதுக்க முடிந்தால் செய்யுங்கள்; அவசரம் இருந்தால் தொடாதீர்கள்.

சரியான வளையத்தை வாங்குவதில்தான் பாதி வெற்றி. "பத்து அங்குல வூஃபர்" என்று சொல்லி வாங்கினால் போதாது. கோனின் வெளிவிட்டம், வளைவு தொடங்கும் இடம், வளைவு முடியும் இடம், சட்டத்தின் உள்விளிம்பு என நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வளையத்தின் மென்மையும் முக்கியம். தடித்த, விறைப்பான ஃபோமைப் போட்டால் வூஃபரின் ஒத்ததிர்வு (அது இயல்பாக அதிரும் அதிர்வெண்) மேலே ஏறி, அடி ஸ்வரங்கள் மெலிந்துவிடும். மூடிய பெட்டிக்காக வடிவமைத்த மென்மையான வூஃபர்களில் இந்த வேறுபாடு காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

வூஃபரைக் கழற்றும்போது ஸ்குரூ டிரைவரை அந்தக் காந்தம் திடீரென்று இழுக்கும். கோனில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டே இன்னொரு கையால் திருகுங்கள். எந்த ஒயர் எந்த முனையில் இருந்தது என்பதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபோமும் பசையும் முழுதாகப் போக வேண்டும். காகிதக் கோனில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் வழித்தெடுக்கலாம். கோனை நனைத்துவிடக் கூடாது. பழைய வளையம் கோனின் மேல்பக்கம் ஒட்டியிருந்ததா, அடிப்பக்கமா என்று பார்த்து, அதேபோல் ஒட்டுங்கள்.

பசை என்று வந்தால், நீரில் கரையும் வெள்ளைப் பசைதான் என் தேர்வு. ஸ்பீக்கருக்கென்றே விற்பது, காய்ந்ததும் நிறமற்றுப் போவது. அது உடனே பிடிக்காது. வளையத்தை நகர்த்திச் சரிபார்க்க சில நிமிடம் தரும். தொட்டதும் ஒட்டும் ரப்பர் பசை அந்த வாய்ப்பைத் தராது.

முதலில் வளையத்தைக் கோனோடு மட்டும் ஒட்டிக் காயவிடுங்கள். சட்டத்தோடு ஒட்டும்போது காயிலை நடுவில் நிறுத்த இரண்டு வழி உண்டு. கோனின் நடுவில் உள்ள மூடியான டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, காயிலுக்கும் காந்தத்தின் நடுக் கம்பத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவது ஒன்று. பசை காய்ந்ததும் துண்டுகளை உருவிவிட்டுப் புதிய கேப்பை ஒட்ட வேண்டும். டஸ்ட் கேப்பைத் தொடாமல், ஆம்ப்ளிஃபயரில் 25 அல்லது 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் கொடுத்து, கோன் சில மில்லிமீட்டர் அசையும்போது உரசல் வராத இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டுவது இன்னொன்று. கேப் பழையபடியே இருப்பதால் இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் காயில் இடைவெளி மிகக் குறுகலான வூஃபர்களுக்கும் ஏற்கெனவே உரசல் இருந்தவற்றுக்கும் முதல் வழிதான் நம்பகமானது. எந்த வழியானாலும் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

ரப்பர் அல்லது துணி வளையம் இருந்தால்?

நல்லது, அவற்றை மாற்றாமல் விடுங்கள். பியூட்டைல் போன்ற ரப்பர் வளையங்கள் பல பத்தாண்டுகள் நிற்கும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதும், ஆல்கஹால் வேண்டாம். சில வகைகளில் மென்மையூட்டி வெளியேறி வளையம் விறைத்துப் போயிருக்கும். எண்ணெய் தடவி மென்மையாக்கலாம் என்ற யோசனை பலர் வாயில் வரும். அது பசையைத் தின்னும், செய்யாதீர்கள்.

துணி வளையத்தில் காற்றுக் கசியாமல் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அது காய்ந்து போனால் மூடிய பெட்டி கசியத் தொடங்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: வூஃபரை மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். இறுக்கமான பெட்டியில் கோன் சோம்பலாகத் திரும்பும், கசியும் பெட்டியில் சட்டென்று திரும்பும். ஆனால் பூச்சு பூசுவதற்கு முன், கசிவு டெர்மினல் பலகையிலோ வூஃபர் விளிம்பின் கேஸ்கெட்டிலோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கசிவு பல நேரம் அங்கேதான் இருக்கும்.

இந்த மூடிய பெட்டி முறையை எட்கர் வில்சர் வீட்டு ஸ்பீக்கர்களுக்குக் கொண்டுவந்தார். 1954இல் வந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) நிறுவனத்தின் ஏஆர்-1தான் அதன் முதல் வடிவம். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அதனால் இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் ஒரு சிறு ஓட்டைகூட அடி ஸ்வரத்தைக் கெடுக்கும்.

வளையம் நன்றாக இருந்தும் வூஃபர் உரசுகிறது. ஏன்?

பல வருடம் ஒரே நிலையில் நின்றதால் கோனைத் தாங்கும் ஸ்பைடர் புவியீர்ப்பில் கொஞ்சம் தொய்ந்திருக்கலாம். வூஃபரை 180 டிகிரி திருப்பிப் பொருத்திப் பாருங்கள். உரசல் போய்விட்டால் அதுதான் காரணம், அப்படியே விட்டுவிடலாம். போகவில்லை என்றால், யாரோ கீழே போட்டதில் காந்தம் நகர்ந்திருக்கலாம், அல்லது காயில் சூட்டில் உப்பியிருக்கலாம். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

ட்வீட்டரில் சத்தமே இல்லை அல்லது மிக மங்கலாக இருக்கிறது.

சத்தமே இல்லையென்றால் தடையை அளந்து பாருங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லையைத் தாண்டி அலறவிடும்போது ஒலி அலை வெட்டுப்பட்டு, ட்வீட்டருக்கு அளவு மீறிய சக்தி போவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். அதே மாடலின் ட்வீட்டரைத் தேடுவதுதான் நேரான வழி.

தடை சரியாக இருந்தும் மங்கலாக ஒலித்தால் மூன்று இடம் பாருங்கள்: கெபாசிட்டர், லெவல் கன்ட்ரோல் (டிரைவரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு), ஃபெர்ரோஃப்ளூயிட். மூன்றாவது, காயில் இடைவெளியில் சூட்டைத் தணிக்க விடும் காந்த எண்ணெய். எல்லா ட்வீட்டரிலும் இருக்காது. இருக்கும் சிலவற்றில் காலப்போக்கில் பிசினாகக் கெட்டியாகி, ட்வீட்டரின் முன்னால் அசையும் குவிந்த டோமைப் பிடித்துக்கொள்ளும். டோமைக் கழற்றி, இடைவெளியை மெல்லிய காகிதக் கீற்றுகளால் துடைத்து, அதே அடர்த்தியுள்ள புதிய எண்ணெயைச் சரியான அளவில் விட்டால் ட்வீட்டர் மீண்டும் வாய் திறக்கும். வேலை நடக்கும் மேசையில் இரும்புத் தூள் துளிகூட இருக்கக் கூடாது. காந்த இடைவெளிக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

டோம் உள்ளே அமுங்கியிருக்கிறது.

துணி டோம் என்றால் ஒட்டுத் தன்மை குறைந்த டேப்பை மென்மையாக வைத்து இழுத்துப் பார்க்கலாம். மேலே பிசுபிசுப்பான பூச்சு இருக்கும் டோமில் அதுவும் வேண்டாம். அந்தப் பூச்சு ஒலிக்காகப் பூசியது, அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். உலோக டோமை நிமிர்த்த முயன்றால் மடிப்பு விழும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது.

கிராஸ்ஓவரில் உள்ள கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றியே ஆக வேண்டுமா?

இந்தக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு "ஆமாம்" என்று சொல்பவர்களே அதிகம். அளந்து பார்த்து முடிவெடுங்கள் என்பதே என் பதில்.

கிராஸ்ஓவரில் இரண்டு வகை கெபாசிட்டர் பொதுவாக இருக்கும். துருவமில்லா எலக்ட்ரோலிட்டிக் வகை வயதானால் விலகும். மதிப்பு பல நேரம் கூடும், உள்தடையும் ஏறும். 10 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருப்பது 13 காட்டினால், ட்வீட்டருக்குப் போக வேண்டிய ஒலியின் எல்லையே நகர்ந்துவிட்டது என்று பொருள், அதை மாற்றுங்கள். ஃபிலிம் வகையோ அபூர்வமாகத்தான் கெடும். அளந்தால் சரியாக இருக்கும். இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

மாற்றும்போது மதிப்பு சரியாக இருக்க வேண்டும். வோல்டேஜ் அளவு பழையதைவிடக் கூட இருக்கலாம், குறையக் கூடாது. விலை உயர்ந்த பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் ஒலி உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் ஆற விடுங்கள். பழைய எலக்ட்ரோலிட்டிக்கின் சிறு உள்தடையையும் கணக்கில் வைத்தே பலர் வடிவமைத்திருக்கிறார்கள். உள்தடை இல்லாத கெபாசிட்டரைப் போட்டதும் உச்ச ஸ்வரம் முன்னே தள்ளிக்கொண்டு வரும். அதைத் தெளிவு என்று முதல் நாள் கொண்டாடுவோம், சில வாரத்தில் காது களைத்துவிடும். ஒன்று, அதே வகையில் புதிது போடுங்கள். அல்லது ஃபிலிம் கெபாசிட்டரோடு ஓம் ஒன்றுக்கும் குறைந்த ஒரு தடையைத் தொடரில் சேருங்கள்.

கிராஸ்ஓவரில் உள்ள காயில்களைத் தொடாதீர்கள். அவை கெடுவது மிக அரிது. அவை இருக்கும் இடத்தையும் திசையையும் மாற்றினால் ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றைப் பாதிக்கும்.

கழற்றிய பழைய கெபாசிட்டர்களை ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் அதற்காக நன்றி சொல்வார்.

லெவல் கன்ட்ரோலைத் திருப்பினால் கரகர என்கிறது.

அக்கூஸ்டிக் ரிசர்ச் ஸ்பீக்கர்களில் பேர் போன சிக்கல் இது. 1967இல் வந்த ஏஆர்-3ஏ வைத்திருப்பவர் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். உள்ளே உலோகம் பச்சை பிடித்து, மிட்ரேஞ்சும் (நடு ஸ்வரங்களுக்கான டிரைவர்) ட்வீட்டரும் வருவதும் போவதுமாக இருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பினால் சிறிது காலம் ஓடும். நிலையான தீர்வு கழற்றிப் பிரித்து, உள்தடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான். "ட்வீட்டர் செத்துவிட்டது" என்று விலை குறைத்து விற்கும் ஏஆர்களில் பலவற்றில் ட்வீட்டர் நலமாகவே இருக்கும், கன்ட்ரோல்தான் காரணம்.

பெட்டிக்குள் உள்ள பஞ்சை மாற்றலாமா?

வேண்டாம். அதன் வகையும் எடையும் வடிவமைப்பின் பகுதி. கண்ணாடி இழையாக இருந்தால் கையுறை, முகமூடி இல்லாமல் கை வைக்காதீர்கள். வெளியே எடுத்தால் அதே அளவு, அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.

மரப் பெட்டியை எப்படிப் பளிச்சென்று ஆக்குவது?

பளிச்சென்று ஆக்காமல் உயிர் கொடுத்தால் போதும். வால்நட், தேக்கு, ரோஸ்வுட் என்று பார்க்கும் மேற்பரப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நொடியில் அடியிலுள்ள சிப்போர்டு தெரியும்.

முதலில் அழுக்கும் பழைய மெழுகும் போக மினரல் டர்பென்டைனால் துடையுங்கள். பல நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும். ஈர வளையம், சிறு கீறல் இருந்தால் மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, மர இழையின் போக்கிலேயே தேயுங்கள். எஃகுத் தூள் காந்தத்துக்குப் போகும் என்பதால் டிரைவர்களைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலை. அப்புறம் டேனிஷ் ஆயில் அல்லது தேக்கு எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு போடுங்கள். வார்னிஷ் அல்லது லாக்கர் பூசிய பெட்டிக்கு எண்ணெய் ஏறாது, வெறும் துடைப்பே போதும்.

கிரில் துணி கிழிந்துவிட்டது. ஃபோம் கிரில் உதிர்கிறது.

துணி என்றால், வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போகும் துணிதான் சரி. நிறமும் நெசவும் பழையதற்கு நெருக்கமாகக் கிடைத்தால் மகிழ்ச்சி. ஜேபிஎல் எல்100 மாடலின் கட்டம் போட்ட ஃபோம் கிரில் உதிர்வதற்கே பெயர் பெற்றது. அதற்கு மாற்று கிரில்கள் செய்து விற்கிறார்கள். உதிர்ந்த தூள் டிரைவர்களுக்குள் போகாதபடி மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள்.

பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போன்ற சில ஸ்பீக்கர்களை கிரில்லோடு கேட்கும்படியே செய்திருக்கிறார்கள். அதன் ட்வீட்டரைச் சுற்றியுள்ள கம்பளிப் பட்டையும் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. பூச்சி தின்றிருந்தால் அதே அளவில் வெட்டிப் பொருத்துங்கள்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பழுது. அதை மட்டும் சரிசெய்தால் போதாதா?

இரண்டுக்கும் ஒரே வேலையைச் செய்யுங்கள். ஒரு பக்கம் புது ஃபோம், புது கெபாசிட்டர், மறுபக்கம் பழையது என்றால், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

பழைய ட்வீட்டரை எடுத்துவிட்டு நவீன ட்வீட்டர் போட்டால்?

ஒலி வரும், ஆனால் அது வேறு ஸ்பீக்கர். உணர்திறன் (அதே சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது), மின்தடை, ஒலி பரவும் கோணம் எல்லாம் மாறுவதால் கிராஸ்ஓவரையே புதிதாகக் கணக்கிட வேண்டும். அசல் டிரைவர் உலகில் எங்கும் கிடைக்காத நிலையில் இதைச் செய்யலாம். செய்தால், பெட்டியில் புதிய துளை போடாமல், திரும்ப மாற்றக்கூடிய விதத்தில் செய்யுங்கள். விற்கும்போதும் அதைச் சொல்லுங்கள்.

நானே தொடக் கூடாத ஸ்பீக்கர் ஏதாவது உண்டா?

உண்டு. 1957இல் வந்த குவாட் போன்ற எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர்களுக்குள் (மின்னேற்றிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிப்பவை) ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது.

1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம் மாடலின் ட்வீட்டர், மிட்ரேஞ்ச் டோம்கள் பெரிலியத்தால் ஆனவை. முழுதாக இருக்கும்வரை ஆபத்து இல்லை. உடைந்தால் அதன் தூள் நுரையீரலுக்குக் கடும் கேடு. தேய்க்காதீர்கள், ஒட்டாதீர்கள், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள்.

1980க்கு முந்தைய எண்ணெய் நிரப்பிய உலோக கெபாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு இருக்கக்கூடும். கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாமல், நச்சுக் கழிவாகச் சேர்ப்பியுங்கள்.

எந்த முனை பாசிட்டிவ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் பாசிட்டிவ். பழைய ஜேபிஎல் டிரைவர்களில் இது தலைகீழ்: சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அது பழுதல்ல, அந்த நிறுவனத்தின் அன்றைய வழக்கம். பேட்டரிச் சோதனையை ட்வீட்டரில் செய்யாதீர்கள்.

வேலை முடிந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

முதலில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே மோனோ ஒலியை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒன்று மங்கலாகவோ கூர்மையாகவோ இருந்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. அடுத்து தனிக் குரல், கருவிக் கூட்டம் இல்லாதது. மனிதக் குரலை நம் காது பிறந்ததிலிருந்து கேட்கிறது, அதில் பொய் சொன்னால் உடனே பிடித்துவிடும். வீணையின் மீட்டும், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அடுத்த சோதனை. தொப்பியின் கும்கி வளைந்து இறங்க வேண்டும். வெறும் தொம்மென்ற சத்தமாக நின்றால் பெட்டி கசிகிறதா என்று மறுபடி பாருங்கள்.

புதிய ஃபோம் சில நாள் ஓடிய பிறகுதான் இளகும். கடைசித் தீர்ப்பை அதுவரை தள்ளி வையுங்கள்.

எந்த ஆம்ப்ளிஃபயரோடு சேர்ப்பது?

ஏஆர்-3ஏ போன்ற 4 ஓம் மூடிய பெட்டி ஸ்பீக்கர்கள் உணர்திறன் குறைந்தவை. 4 ஓமுக்கு நிறைய மின்னோட்டம் தரக்கூடிய ஆம்ப்ளிஃபயர் அவற்றுக்கு வேண்டும். சிறிய வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கு ஹார்ன் வகை போன்ற உணர்திறன் கூடிய ஸ்பீக்கரே பொருந்தும். ஸ்பீக்கரைக் கைமாற்றும்போது வாங்குபவரிடம் இதை முதலில் கேளுங்கள். பொருந்தாத ஆம்ப்ளிஃபயரில் போட்டு, "நன்றாக இல்லை" என்று அவர் ஒதுக்கி வைத்தால் நம் உழைப்பு வீண்.

யாரிடம் கொடுப்பது நல்லது?

கேட்பவரிடம். அலங்காரத்துக்காக வாங்குபவரைவிட, ஒரு ஆல்பத்தோடு வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு சொல்பவரிடம் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுப்பதையே நான் விரும்புவேன். உறவில், நட்பில் இளையவர் யாராவது இசையில் ஆர்வமாக இருந்தால் அவர்களை முதலில் நினைத்துப் பாருங்கள். புதிதாக அந்தத் தரத்தில் வாங்க அவர்களுக்குப் பணம் இருக்காது, பழையதில் கிடைக்கும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் கிரில் இல்லாத ஸ்பீக்கரைக் கொடுக்காதீர்கள். டோமை அழுத்திப் பார்க்காத குழந்தை இல்லை.

என்னவெல்லாம் சொல்லி விற்க வேண்டும்?

எல்லாவற்றையும். எந்த வருடம் எந்த வேலை நடந்தது, எந்தப் பாகம் அசல், எது மாற்றியது, ஒவ்வொரு டிரைவரின் தடை அளவு, கெபாசிட்டர்களின் புதிய மதிப்பு, இன்னும் சரியாகாத குறை. ஒரு தாளில் எழுதி ஸ்பீக்கரோடு கொடுங்கள். வளையத்தையும் பெட்டியின் மூலைகளையும் அருகில் படமெடுத்து அனுப்புங்கள். சீரியல் எண்கள் இரண்டும் அடுத்தடுத்து வருகிறதா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

விலைக்கு, அதே மாடல் அண்மையில் என்ன தொகைக்கு உண்மையில் கைமாறியது என்று பாருங்கள். விற்பவர் கேட்கும் தொகை அதற்கு அளவுகோல் ஆகாது. சரிசெய்யச் செலவழித்த பணம் முழுதும் திரும்ப வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

தூரத்துக்கு அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது?

முடிந்தால் அனுப்பாதீர்கள், நேரில் கொடுங்கள். வேறு வழியில்லை என்றால் ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி. டிரைவர்களின் முன்னால், டோமைத் தொடாத உயரத்தில், தடித்த அட்டையைக் கட்டுங்கள். எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அடர்த்தியான ஃபோம், மூலைகளில் இன்னும் கொஞ்சம். நொறுங்கும் தெர்மாகோல் மட்டும் போதாது, கனமான ஸ்பீக்கர் அதைப் பொடியாக்கிவிடும். அதன் மேல் இரட்டைச் சுவர் அட்டைப் பெட்டி, அதற்கு வெளியே இன்னொன்று.

பெரிய காந்தமுள்ள வூஃபரைக் கழற்றித் தனியாக அனுப்புவது நல்லது. பெட்டி ஒருமுறை விழுந்தால் ஒட்டிய காந்தம் நகர்ந்துவிடும், நகர்ந்தால் காயில் சிக்கிக்கொள்ளும். கழற்றிய திருகுகளைப் பையில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள்.

ரோஸ்வுட் பெட்டியை வேறு நாட்டுக்கு விற்கலாமா?

முதலில் விசாரியுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1960, 70களின் பல அழகான ஸ்பீக்கர்களில் அந்த வெனீர் உண்டு. வெனீர்தானே என்று காகிதம் இல்லாமல் அனுப்பினால் எல்லையில் பறிமுதல் ஆகலாம். ஒப்பந்தத்துக்கு முந்தைய பொருள் என்று சான்று வாங்கும் வழி இருக்கிறது. அது தொல்லையாகத் தெரிந்தால் நாட்டுக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.

பெட்டி முழுக்க அழுகிவிட்டது, யாருக்கும் வேண்டாம். குப்பையில் போட்டுவிடட்டுமா?

டிரைவர்களையும் கிராஸ்ஓவரையும் கழற்றுங்கள். லெவல் கன்ட்ரோல், டெர்மினல், பெயர்ப் பட்டை, கிரில் சட்டம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அதே மாடலில் ஒரு ட்வீட்டர் மட்டும் போன ஜோடியை வைத்துக்கொண்டு யாராவது தேடிக்கொண்டிருப்பார். மாடல் பெயரையும் தடை அளவையும் போட்டு அறிவித்தால் அவரே உங்களைக் கண்டுபிடிப்பார். டிரைவர்களை முகம் கீழாக வைக்காமல், இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்காத இடைவெளியில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். மிச்சமாகும் அழுகிய பலகையை மட்டும் குப்பைக்கு அனுப்பினால் போதும்.